இருபத்தைந்து முடிந்தவன்

அப்பா செத்ததற்கு ஸ்தனிஸ்லாஸ் அழவில்லை. மன்னார்புரத்தில் அவர்கள் தெருவே இதைக் கவனித்து வைத்திருந்தது. பெட்டியை மூடும்போது அழவில்லை, குழியில் மண் போடும்போது அழவில்லை, முப்பதாம் நாள் பூசையில் எல்லோரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோது இவன் மேலே மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். எம்.ஏ. படிக்கிற திமிர் என்றாள் எதிர்வீட்டுக்காரி. திமிருமில்லை, ஒரு மண்ணுமில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் டாக்டர் ஊசி போட்டதும் கன்னம் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் போகுமே, அந்த மரத்த நிலை அவனுக்கு உடம்பு முழுவதும் இருந்தது. சாப்பிட்டான், தூங்கினான், கேட்டதற்குப் பதில் சொன்னான். அதற்குமேல் ஒன்றும் இல்லை.

அப்பா சகாயநாதன் ஆயில் என்ஜினும் பம்ப்செட்டும் விற்கிற கம்பெனிக்கு ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடித்துக் கொடுப்பவர். துறையூர், உப்பிலியபுரம் பக்கம் கிணறு வைத்திருக்கிற எவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அதற்காகவே முதலாளி செபஸ்தியான் ஒரு பழைய மோரிஸ் காரை அவருக்கு வாங்கிக் கொடுத்து, மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு வந்தார். சாம்பல் நிறம். மழை பெய்தால் யாரும் தொடாமலே ஹாரன் அடிக்கும். 1962 மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், உப்பிலியபுரத்திலிருந்து திரும்பி வந்து வாசலில் காரை நிறுத்தியவர் இறங்கவில்லை. என்ஜின் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. என்னவென்று பார்க்கப் போய், சாவியைத் திருப்பி அதை அணைத்தவன் ஸ்தனிஸ்லாஸ்தான்.

முப்பதாம் நாள் பூசைக்கு மறுநாள் செபஸ்தியான் ஆள் விட்டுக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது, வியாபாரி. எதிரே உட்கார வைத்து, காப்பி வரவழைத்துக் கொடுத்து, விஷயத்தை நேரடியாகச் சொன்னார்.

“அப்பா பார்த்த லைனை நீ சனி ஞாயிறு பாரு. கமிஷன் தரேன். படிப்பும் நடக்கும், வீடும் நடக்கும். ஆனா இன்ஷூரன்ஸ் உன் பேர்ல இருக்கணும். அப்பா போட்டது ஜூன் முப்பதோட முடியுது. அதுக்குள்ள நீ போடலன்னா காரை ஷெட்டுல கொண்டாந்து விட்டுட்டு, குடோன் ஆபீசுக்கு முழு நேரமா வந்துடு.”

குடோன் ஆபீஸ் என்றால் எம்.ஏ.வுக்கு முழுக்கு. இன்னும் ஒரே வருஷம் இருந்தது. அந்த ஒரு வருஷம் கையில் நிற்பதும் போவதும் ஒரு காரின் இன்ஷூரன்ஸில் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்தனிஸ்லாஸ் சரிங்க என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். காப்பி ஆறிப்போய் மேஜையிலேயே இருந்தது.

இன்ஷூரன்ஸ் இல்லாமல் காரை ரோட்டில் எடுக்கக் கூடாது என்பது சட்டம். அதை ஒரு காலேஜ் மாணவனுக்கு யார் கொடுப்பார்கள் என்பது சட்டத்தின் கவலை அல்ல. கண்டோன்மெண்டில் ஒரு பெரிய கம்பெனிக்குப் போனான். டை கட்டிய மனிதர் தொழில் என்ன என்று கேட்டார். மாணவன் என்றதும் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். அத்தோடு அந்தக் கம்பெனி முடிந்தது. இன்னொரு இடத்தில் லைசென்ஸ் எடுத்து ஆறு மாதம்தான் ஆகிறதா என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு, அப்பாவின் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். அப்பா இல்லை என்றான். “அப்ப சித்தப்பா பெரியப்பா யாராவது?” என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. அப்பா வீட்டுக்கு ஒரே பிள்ளை.

கையில் இருந்தது எண்பத்தைந்து ரூபாய். அதுவும் அவன் காலேஜுக்குப் போய் வந்த சைக்கிளை விற்ற பணம். அம்மா செல்வமேரியின் கழுத்துச் சங்கிலி ஏற்கெனவே பெட்டிக்கும் குழிக்கும் போய்விட்டது. ஆகவே பஸ் ஏறித்தான் எல்லா இடத்துக்கும் போக வேண்டியிருந்தது. அப்படித்தான் ஒரு நாள் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்கும் போனான். உத்தர வீதியில் ஓர் ஏஜெண்ட் இருக்கிறார், விசாலமான மனசு என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நெற்றி நிறையத் திருமண் இட்டிருந்த பெரியவர் அவன் சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்ததும் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு விண்ணப்பப் பாரத்தை எடுத்து முன்னால் வைத்தார். அது காருக்கானது அல்ல, ஆயுளுக்கானது.

“உங்க வயசுக்கு ஜீவனுக்குப் பிரீமியம் ரொம்ப ஸ்வல்பம். காருக்குத்தான் ஜாஸ்தி. இளரத்தம், எங்கேயாவது கொண்டுபோய் மோதிடுவேளோன்னு கம்பெனிக்கு பயம். பெருமாள் கிருபையில இதைப் போட்டுண்டு போங்கோ, பின்னாடி சௌகரியமா இருக்கும்” என்றார்.

ஆக, இவன் செத்தால் கம்பெனிக்குப் பயமில்லை, இவன் காரை எடுத்தால்தான் பயம். வேறு யாராக இருந்தாலும் அங்கே சிரிப்பு வந்திருக்கும். ஸ்தனிஸ்லாஸுக்கு அதுவும் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டான்.

கடைசியாகப் பாலக்கரையில் மீரானைப் பிடித்தான். பீடிக்கடைக்கு மேலே ஒற்றை அறை ஆபீஸ். மரப்படி ஏறும்போது புகையிலை நெடி மூக்கைத் துளைத்தது. ஐம்பது வயது இருக்கும் மீரானுக்கு. வெள்ளைத் தொப்பி, வெற்றிலைச் சிவப்பு, எதிரே இருப்பவர் மனசு நோகாமல் பேசுகிற வாய். மாணவன் என்று கேட்டும் பேனாவை மூடவில்லை.

“தம்பி, சுத்தி வளைக்காம சொல்லிடறேன். எங்க கம்பெனில ஸ்டூடண்டுன்னு தள்ளிவிட மாட்டாங்க. ஆனா வயசு பார்ப்பாங்க. இருபத்தஞ்சு முடிஞ்சிருந்தா எழுபத்தெட்டு ரூபா. முடியலன்னா நூத்தி முப்பது. உங்களப் பார்த்தா முடிஞ்ச மாதிரிதான் இருக்கு. எதுக்கும் ஒரு அத்தாட்சி வேணும்.”

ஸ்தனிஸ்லாஸுக்கு இருபத்திரண்டு. ஒரு மாதத் தாடி மூன்று வயதைக் கூட்டிக் காட்டியிருக்க வேண்டும். இல்லை என்று சொல்லலாம்தான். சொல்வதற்கு வாயைத் திறக்க வேண்டுமே, அது பெரிய வேலையாகப் பட்டது. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் காலேஜ் ஆபீஸில் இருக்கிறது, காலேஜ் இன்னும் திறக்கவில்லை என்று மட்டும் சொன்னான். அதற்கென்ன என்றார் மீரான். “நீங்க வேதக்காரங்கதானே? கோயில்ல ஞானஸ்நான சர்டிபிகேட் குடுப்பாங்க. அது போதும், வாங்கிட்டு வாங்க.”

பங்குக் கோயிலில் உபதேசியார் புதியவர், வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பெயர் கேட்டார், அப்பா பெயர் கேட்டார். அலமாரியிலிருந்து தடித்த பழைய ஏட்டை இறக்கித் தூசி தட்டி, பின்பக்கத்து அகரவரிசையில் விரலை ஓட்டினார். சகாயநாதன் மகன் ஸ்தனிஸ்லாஸ். கிடைத்த பக்கத்தைப் புரட்டினார், பார்த்துப் பார்த்து எழுதினார், பங்குச் சாமியாரிடம் போய்க் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டு வந்தார். எல்லாம் பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

கோயில் வாசலில் நின்று ஸ்தனிஸ்லாஸ் அதைப் படித்தான். தகப்பன் பெயர் சகாயநாதன், சரி. தாய் பெயர் செல்வமேரி, சரி. பிறந்த தேதி 1936 நவம்பர் பன்னிரண்டு. அவன் பிறந்தது 1940 மார்ச்சில். முதலில் ஒன்று பிறந்து தங்கவில்லை என்று சின்ன வயதில் யாரோ ஒரு தூரத்து அத்தை சொல்லி, அம்மா முறைத்ததும் வாயை மூடிக்கொண்டது ஞாபகம் வந்தது. அந்தக் குழந்தைக்கும் இதே பெயர் என்பது இப்போதுதான் தெரிந்தது. அகரவரிசையில் முதலில் வந்தவனை உபதேசியார் எடுத்துவிட்டார், அவ்வளவுதான். கீழே இருந்த இன்னொரு ஸ்தனிஸ்லாஸை அவர் பார்க்கவில்லை.

உள்ளே திரும்பிப் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் போகவில்லை. திருட வேண்டும் என்றெல்லாம் நினைக்கவில்லை. நினைப்பதற்கே தெம்பு இல்லை. கணக்கு மட்டும் தானாக மனசில் ஓடியது: இருபத்தைந்து முடிந்து ஏழு மாதம், எழுபத்தெட்டு ரூபாய். காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு வெளியே வந்தபோது, அம்மா அவன் சட்டையைத் துவைக்க எடுத்தவள், வாளியைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். கான்வெண்டில் எட்டாவது வரை படித்தவள். காகிதத்தை மடியில் விரித்து, எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா போனதிலிருந்து சோறு ஆச்சா, கதவு சாத்தியாச்சா என்பதற்குமேல் அவளும் பேசியதில்லை.

“இத எங்க வாங்குன?”

“கோயில்லம்மா. இன்ஷூரன்ஸுக்கு. உபதேசியார் தப்பா எடுத்துக் குடுத்துட்டாரு.”

“தப்பா எங்க எடுத்தாரு. இருக்கிறதத்தான எடுத்திருக்காரு” என்றாள் அம்மா.

அப்புறம் அவள் சொன்னாள். நிமிராமல், குரல் ஏறாமல் இறங்காமல், வேறு யார் வீட்டிலோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். ஸ்தனிஸ்லாஸ் என்பது அவளுடைய மாமனார் பெயர். தலைப்பிள்ளைக்குத் தாத்தா பெயர் வைக்க வேண்டும், வைத்தார்கள். பதினான்கு மாதம் இருந்தது குழந்தை. நாலு பல் முளைத்திருந்தது. மணல்வாரி அம்மை போட்டு, இறங்கிவிட்டது என்று நினைத்த அன்றைக்குப் போய்விட்டது. இரண்டு வருஷம் கழித்து இவன் பிறந்தான். தாத்தா பெயர் குடும்பத்தில் நிற்க வேண்டுமே, அதே பெயரை இவனுக்கும் வைத்தார்கள். அவர்கள் பக்கத்தில் அது வழக்கம்தான், யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை. ஞானஸ்நானம் முடிந்து வந்து மாமனார் எல்லோர் முன்னாலும் சொன்னாராம்: போனவனே திரும்பி வந்துவிட்டான், இனிமேல் இந்த வீட்டில் யாரும் அவனுக்காக அழக் கூடாது. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அன்றைக்கு அடைத்த வாய். அப்புறம் அந்தக் குழந்தையைப் பற்றி வீட்டில் ஒருவரும் பேசவில்லை. கல்லறையில் ஒரு கல்லும் வைக்கவில்லை. திரும்பி வந்தவனுக்கு எதற்குக் கல்?

“வந்தவனுக்குப் பேர் வச்சாங்க. போனவனுக்குப் பேர் இல்லாமப் போச்சு. உன்னக் கூப்புடும்போது சில நேரம் அவனையும் சேத்துக் கூப்புட்டுக்குவேன் ஸ்தனி. உனக்குத் தெரியாது.”

நாளைக்குப் போய் மாற்றி வாங்கி வருகிறேன் என்றான். எவ்வளவு வித்தியாசம் வரும் என்று அம்மா கேட்டாள். சொன்னான். அவள் காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து அவனிடம் நீட்டினாள்.

“இதையே குடு. அண்ணன்காரன் உனக்கு இதுவரைக்கும் ஒண்ணும் செய்யல. இதாவது செய்யட்டும்.”

பெற்றவளே சொல்லிவிட்டாள், இனி என்ன. அன்றிரவு நன்றாகவே தூங்கினான்.

ஜூன் இருபத்தேழாம் தேதி மறுபடியும் மீரானின் மரப்படி ஏறினான். தாடியை எடுக்கவில்லை. அதை மட்டும் ஞாபகமாக விட்டு வைத்திருந்தான். மீரான் மகிழ்ச்சியாக வரவேற்று, கீழே குரல் கொடுத்து டீ சொன்னார். பாரத்தை விரித்து வைத்துக்கொண்டு, கார் நம்பர், வாங்கிய வருஷம், எங்கே நிறுத்தப்படுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். ஸ்தனிஸ்லாஸ் சொல்லிக்கொண்டே வந்தான். கடைசியில் காகிதத்தை வாங்கிக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார், விரலை மடக்கி எண்ணினார்.

“முப்பத்தாறு நவம்பர். இருபத்தஞ்சு முடிஞ்சு ஏழு மாசம். நான் சொன்னேன்ல தம்பி, பார்த்தாலே தெரியுதுன்னு. எழுபத்தெட்டுதான்.”

பாரத்தை அவன் பக்கம் திருப்பிப் பேனாவை நீட்டினார். ஸ்தனிஸ்லாஸ் வாங்கினான். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மீரான் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார். ஒவ்வொரு வாடிக்கைக்காரரிடமும் பாரம் முடிகிற நேரத்தில் சொல்வதை அவனிடமும் சொன்னார்:

“ஆண்டவன் கிருபையில நூறு வருஷம் நல்லா இருங்க.”

பேனா காகிதத்தில் பட்டது. மேலே எழுதவில்லை. நூறு வருஷம். நாலு பல். முனையிலிருந்து மை இறங்கி ஒரு பொட்டாகப் பரவுவதை ஸ்தனிஸ்லாஸ் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“இது நான் இல்லீங்க” என்றான்.

மீரானுக்குப் புரியவில்லை. காகிதத்தையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப இது யாரு தம்பி?”

“எங்க அண்ணனுங்க. இறந்துட்டாரு.”

இருபத்திரண்டு வருஷத்தில் அண்ணன் என்ற சொல்லைத் தன்னுடையதாக அவன் சொன்னது அன்றைக்குத்தான். பதினான்கு மாதக் குழந்தைக்கு ‘ரு’ போட்டுப் பேசினோம் என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை. மூத்தவர்தானே, மரியாதை தானாக வந்துவிட்டது. அது வந்த வழியிலேயே மற்றதும் வந்தது. முதலில் கன்னம் நனைந்தது, அப்புறம் தோள் குலுங்கியது, அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டும் சத்தம் நிற்கவில்லை. அண்ணனுக்காக அழுகிறானா, அப்பாவுக்காகவா என்று அவனுக்கே தெரியாது. வாசலில் ஓடிக்கொண்டே இருந்த என்ஜினும், சாவியைத் திருப்பியபோது உரசிய அப்பாவின் முழங்காலில் இருந்த சூடும் எல்லாம் ஒன்றாக ஏறி வந்தன. வலித்தது. நன்றாக வலித்தது.

மீரான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். டீ கொண்டு வந்த ஆளிடம் அதை வெளியிலேயே வாங்கிக்கொண்டு அவனை அனுப்பிவிட்டார். அழுகை அடங்குகிற வரைக்கும் ஜன்னல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அப்புறம் மைப்பொட்டு விழுந்த பாரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, உண்மையான வயது என்ன என்று கேட்டுப் புதிதாக ஒன்றை எழுதினார்.

நூற்று முப்பதுக்குக் குறைகிற நாற்பத்தைந்து ரூபாயை அவரே சொந்தப் பையிலிருந்து போட்டுக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அவருக்கு ஐந்து பெண்கள். அவரால் முடிந்ததை அவர் செய்தார். பையனுக்குச் சலுகை தரும்படி மெட்ராஸ் ஆபீஸுக்குக் கடிதம் எழுதுகிறேன் என்றார். ஆனால் பொய்யாக நம்பிக்கை கொடுக்கவில்லை. “பதில் வர மூணு வாரம் ஆகும். மூணு நாள்ல வராது தம்பி. அத நான் உங்ககிட்ட மறைக்கக் கூடாது” என்றார். சர்டிபிகேட்டை ஓர் உறையில் போட்டு, மடங்காமல் கொண்டு போகச் சொல்லிக் கொடுத்தார்.

வீட்டில் அம்மா வேலை ஆச்சா என்று கேட்டாள். ஆகவில்லை என்று சொல்லி உறையை அவளிடம் கொடுத்தான். சிவந்துபோயிருந்த அவன் கண்ணைப் பார்த்தாள். உறையைத் தன் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டுப் போய்ச் சோறு போட்டாள். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

ஜூன் முப்பது சனிக்கிழமை. அப்பாவின் இன்ஷூரன்ஸுக்கு அதுதான் கடைசி நாள். அன்றைக்கு ராத்திரி வரைக்கும் அந்தக் கார் ரோட்டில் ஓடலாம். செபஸ்தியானின் ஷெட் ஆறு மணி வரை திறந்திருக்கும். திங்கட்கிழமை குடோன் ஆபீஸுக்கு வருகிறேன் என்று ஸ்தனிஸ்லாஸ் ஏற்கெனவே சொல்லி அனுப்பிவிட்டான். சாயங்காலம் காரைத் துடைத்து, ஸீட்டுக்கு அடியில் கிடந்த அப்பாவின் கைக்குட்டையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டபோது, அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து முன் ஸீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஜெபப் புத்தகம் கையில் இருந்தது. ஷெட்டுக்குப் போகிற வழியை விட்டு வண்டியைத் திருப்பினான். கல்லறைத் தோட்டத்து வாசலில் நிறுத்தினான்.

சகாயநாதனின் புது மண்மேட்டில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அப்புறம் அம்மா பின்பக்கச் சுவரை நோக்கி நடந்தாள். குழந்தைகளைப் புதைக்கிற மூலை அது. அங்கே ஒரு பெரிய வேப்பமரம் நின்றது. அன்றைக்கு அது தன் இடுப்பளவுகூட இல்லை என்றாள். மரத்திலிருந்து அடி வைத்து அளந்தாள், நின்றாள், மறுபடியும் திரும்பிப் போய் அளந்தாள். எந்த அடையாளமும் இல்லை, நெருஞ்சி மண்டிக் கிடந்தது. கடைசியில் ஓர் இடத்தில் உட்கார்ந்து, முள் குத்துவதைப் பார்க்காமல் கையால் நெருஞ்சியை ஒதுக்கினாள். ஸ்தனிஸ்லாஸ் மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியுமாகப் பக்கத்தில் நின்றான்.

“ஸ்தனி” என்று அம்மா கூப்பிட்டாள். இருபத்துநாலு வருஷத்து அழுகை அதற்குப் பின்னால் வந்தது.

அவன் என்னம்மா என்று கேட்கவில்லை. அவள் கூப்பிட்டது அவனை அல்ல.